மரத்தூள் படிந்த முப்பது வருஷம்

வேம்பை இழைக்கும்போது ஒரு கசப்பு வாசனை கிளம்பும். வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றால் நாக்கில்கூட அது தெரியும். பூவரசுக்கு அந்தக் கசப்பு கிடையாது. மஞ்சணத்தியை அறுத்தால் தரையெல்லாம் மஞ்சள் தூள். வாகையோ மூக்கில் ஏறி, இழைக்கிறவரையும் வேடிக்கை பார்க்கிறவரையும் சேர்த்துத் தும்ம வைக்கும். கண்ணை மூடிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாலும் தாத்தா இன்றைக்கு எந்த மரத்தில் கை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு அந்த வயதில் மகா பெருமை. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுக்குத் தெற்கே பனங்கை போட்டு ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு. உள்ளே இழைப்புளி, வாச்சி, கொட்டாப்புளி, சின்னதும் பெரிதுமாக உளிகள், சுவரில் மாட்டிய மூலைமட்டம், தகர டப்பாவில் வஜ்ஜிரம், மூலையில் தீட்டுக்கல், அதன் பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டதும் பையை ஆச்சியின் முன்னால் போட்டுவிட்டு அங்கே ஓடுவேன். இழைப்புளி வாயிலிருந்து சுருண்டு விழும் சீவலைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொள்வேன், வளையலாகக் கோத்துக்கொள்வேன். "ஏட்டி, பைய எடு, சிராம்பு ஏறிராம" என்பார் தாத்தா, தலையைத் தூக்காமலே.

எங்கள் ஊர் நாசரேத். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரயில் ஆழ்வார்திருநகரியைத் தாண்டி வந்து நிற்கிற நாசரேத். மிஷனெரிமார் காலத்தில் அந்தச் செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் முளைத்த ஊர்களுக்கெல்லாம் முதலூர், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று பெயர் விழுந்தபோது எங்களுக்கு இது வாய்த்தது. வேதபுத்தகத்தின் கடைசியில் இருக்கும் வண்ணப் படத்தில் இன்னொரு நாசரேத் உண்டு, கலிலேயாக் கடலுக்கு மேற்கே ஒரு சின்னப் புள்ளியாக. ஆச்சி விரலை வைத்து எனக்கு அதைக் காட்டியிருக்கிறாள். ஆனாலும் சுவிசேஷத்தில் நாசரேத் என்ற பெயர் வரும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது பனையும் விடிலிப் புகையும்தான். யோசேப்பின் பட்டறைக்குப் பனங்கை போட்டிருந்தது. மரியாள் தண்ணீர் எடுக்கப் போகிற கிணற்றுக்கு எங்கள் தெருக் கிணற்றின் துலாதான். நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நாத்தான்வேல் கேட்ட இடத்தை ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் வாசிக்கும்போது பிள்ளைகள் எல்லாருக்கும் சுருக்கென்று கோபம் வரும். அந்த நாத்தான்வேலை எங்களில் பாதிப் பேர் வளர்ந்த பிறகும் முழுதாக மன்னிக்கவில்லை.

தாத்தா தொழில் படித்ததும் ஊரிலேயேதான். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, கனோன் மர்காஷிஸ் ஐயர் 1878-ல் தொடங்கிய ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல் தாத்தாவின் சின்ன வயதில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. மரவேலையும் தையலும் கொல்லு வேலையும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. வைத்தியம் படித்துவிட்டு இந்த வெயிலுக்குள் வந்து, 1908-ல் இங்கேயே கண்ணை மூடிய அந்த மனிதரை ஊரில் கிழடுகட்டைகள் சொந்தத் தகப்பனாரைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவார்கள். பசியில் அநாதையான பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, கையில் ஒரு தொழில் வேண்டும் என்று அவர் எண்ணியதில்தான் என் தாத்தாவின் கைக்கும் ஓர் உளி கிடைத்தது.

அந்தக் கைகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடமெல்லாம் காய்ப்பு. இடது கைக் கட்டைவிரல் நகம் எப்போதோ சுத்தியல் பட்டுக் கறுத்தது, கடைசிவரை வெளுக்கவில்லை. ரேகைகளுக்குள் மரத்தூள் அடைந்து, எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனத்துக்கு முழங்காலில் நின்று நீட்டும்போதும் அது இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: ஐயர் அப்பத்தை அந்தக் காய்ப்பின் மேல் வைப்பார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்திலோ இயேசுவின் கைகள் ஒரு கீறல் இல்லாமல், நகத்தில் அழுக்கில்லாமல், வெளுவெளுவென்று இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தச்சன் கை இப்படியா இருக்கும்?

ஒருநாள் தாத்தா சொன்னது நடந்தேவிட்டது, வலது கை ஆள்காட்டி விரல் நகத்தடியில் சிராம்பு ஏறிவிட்டது. அரிக்கேன் விளக்கைத் தூண்டி, ஊக்கை நெருப்பில் காட்டி, என் விரலைத் தன் முழங்காலில் வைத்து அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது, அழுகையை மறக்கிறதற்காகத்தான் கேட்டேன்: "இயேசப்பாவுக்கும் சிராம்பு ஏறியிருக்குமா தாத்தா?"

அடுப்படியிலிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தாள். "ஆண்டவரப் பத்தி என்ன கேள்வி கேக்கா பாரு! வாயிலயே ரெண்டு போடணும்."

"ஏறாம?" என்றார் தாத்தா. "மரத்துக்கு ஆளு தெரியுமா? யாரு கை வெச்சாலும் ஏறும்." ஊக்கின் நுனியில் கறுப்பாக ஒரு துளித் துணுக்கு வந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டு ஊதினார். "அவருக்கு யோசேப்பு எடுத்து விட்டிருப்பாரு."

அதிலிருந்து பிடித்துக்கொண்டது எனக்கு. தாத்தாவும் பேத்தியும் பட்டறையில் இருந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். இயேசப்பா பிறக்கும்போதே தச்சு வேலை தெரிந்துதான் பிறந்தாரா? "இல்லட்டி. உளி பிடிக்க யோசேப்புதான் சொல்லிக் கொடுத்திருப்பாரு. வளர வளர ஞானமும் கூடிச்சுன்னு லூக்காவுல இருக்குல்லா? தெரிஞ்சவனுக்கு என்னத்தக் கூடும்?" முதல் நாள் இழைத்த பலகை மேடும் பள்ளமுமாக இருந்திருக்குமா? "எனக்கு அப்பிடித்தான் இருந்துது" என்று சொல்லி இழைப்புளியைத் தள்ளுவார். அதற்கு மேல் சொல்லமாட்டார். ஆச்சிக்கு இந்தப் பேச்செல்லாம் ஒப்பாது. அவள் பக்தி வேறு மாதிரி. நைசியா விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, அவர் மனிதரான இடம் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைத் தாழ்த்துவாள். அவ்வளவு பெரிய காரியத்தைச் சிராம்பு, பலகை என்று பேசுவது அவளுக்கு மரியாதைக் குறைச்சல். இருவருமே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

ஒரு கல்யாண வீட்டுக்குக் கதவும் நிலையும் செய்கிற வேலை வந்திருந்தது. நல்ல தேக்கு, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து தருவித்த மரம். அளந்து கோடு போட்டு அறுத்த பிறகு பார்த்தால் ஒரு நிலைக்கால் ஒரு விரற்கடை குட்டை. எங்கே பிசகியதோ, தாத்தா முழக்கோலை வைத்து வைத்துப் பார்க்கிறார், மரம் குட்டையாகவே இருக்கிறது. சாயங்கால வெயில் ஓலை இடுக்கு வழியாக விழுந்து அந்தத் தேக்கு பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இயேசப்பாவா இருந்தா ஒரு இழுப்புல நீட்டியிருப்பாரு, இல்ல தாத்தா?"

வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "நீட்ட மாட்டாரு தாயி. நீட்டினா அவரு தச்சன் இல்ல."

மறுநாள் தாத்தா மரக்கடைக்குப் போய்த் தன் கைக்காசில் வேறு மரம் வாங்கி வந்தார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் காப்பியில் கருப்பட்டி வாசனை மட்டும்தான் இருந்தது, இனிப்பு இல்லை. ஆச்சி ஒரு சொல் பேசவில்லை.

வளர்ந்து, பட்டணத்துக்குப் படிக்கப் போன பிறகு, ஒரு நூலகத்தில் பழைய கிறிஸ்தவக் கதைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தோமாவின் பெயரால் வழங்கும் குழந்தைப்பருவச் சுவிசேஷம் என்று ஒன்று, இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்தது, சபை வேதத்தோடு சேர்க்காதது. அதில் யோசேப்பு ஒரு பணக்காரருக்குக் கட்டில் செய்கிறார். ஒரு சட்டம் குட்டையாகிப் போகிறது. சிறுவன் இயேசு அதைப் பிடித்து இழுக்கிறான், அது நீண்டு சரியாகிவிடுகிறது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் ஆசைப்பட்டதையே ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஆசைப்பட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்! ஆனால் சந்தோஷத்தைவிட, அந்தக் கதை பொய் என்ற நிச்சயம்தான் எனக்கு முதலில் வந்தது. அதைத் தந்தது எந்தப் பண்டிதரும் அல்ல, ஓலைச் சாய்ப்புக்குள் குத்தவைத்திருந்த கிழவர்.

யோசித்துப் பாருங்கள். இயேசு ஊழியத்துக்குப் புறப்பட்டபோது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். பிரசங்கங்களில் நாம் மாட்டுத் தொழுவத்திலிருந்து ஒரே தாவாக யோர்தான் கரைக்குப் போய்விடுகிறோம். நடுவில் பன்னிரண்டு வயதில் ஒருமுறை தேவாலயத்தில் தங்கிவிட்டதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அங்கே விசேஷம். சில நூறு பேர் இருந்திருக்கக்கூடிய சின்னக் கிராமம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் செப்போரிஸ் பட்டணம், அங்கே ஏரோது அந்திப்பா எழுப்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடங்களுக்கு அப்பாவும் மகனும் கூலிக்குப் போயிருக்கலாம் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். நாப்லஸ் பக்கத்தில் பிறந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, இரண்டாம் நூற்றாண்டிலேயே, அவர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு அவர் ஜெப ஆலயத்தில் எழுந்து பேசியபோது சொந்த ஊர்க்காரர்கள் திகைத்துப் போனார்கள்: இவன் நம்ம தச்சன் அல்லவா? மரத்தை இழுத்து நீட்டுகிற பையனாக அவர்கள் தெருவில் வளர்ந்திருந்தால் அந்தத் திகைப்புக்கு இடமே இல்லை. முப்பது வருஷம் அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகமே வராத அளவுக்கு அவர் நம்மில் ஒருவராக இருந்திருக்கிறார். அளந்து, அறுத்து, பிசகினால் கைக்காசு போட்டு.

வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்தபோது கல்லை அப்பமாக்கச் சொன்ன சோதனையையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். பின்னால் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பிட்டவர், தன் வயிற்றுக்காக ஒரு கல்லையும் தொடவில்லை. பசித்தவனோடு பசித்திருக்க வந்தவர், தனக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்துகொள்ள மாட்டார்.

ஆச்சியின் கூச்சம் பழைய கூச்சம்தான். ஆதிச் சபையில், கடவுளுக்கு உடம்பா, அதெல்லாம் வெறும் தோற்றம் என்று சொன்ன கூட்டம் ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் பேராயர் அப்பொலினாரிஸ் கொஞ்சம் இறங்கி வந்து, உடம்பு மனித உடம்புதான், உள்ளே மனித மனம் மட்டும் கிடையாது, அந்த இடத்தில் தேவவார்த்தையே இருந்தது என்றார். நசியான்சு ஊர் கிரகோரியார் விடவில்லை. நம்மில் எதை இயேசு தமதாக எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே நின்றுபோகும் என்பது அவருடைய வாதம். தெரியாமல் இருந்து தெரிந்துகொள்வதும், கற்பதும், தயங்குவதும், அஞ்சுவதும் மனசுக்குள் நடக்கிற காரியங்கள். அந்த மனசு அவருக்கு இல்லையென்றால் நம்முடைய மனசை யார் மீட்பது? 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் அப்பொலினாரிஸின் போதனையைத் தள்ளியது. 451-ல் கல்கெதோன் சங்கம், முழுக் கடவுள், முழு மனிதர், ஒன்று மற்றொன்றில் கரைந்துபோகவில்லை என்று அறுதியிட்டது. இதையெல்லாம் வாசிக்கும்போது என் காதில் இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்கும்: தெரிஞ்சவனுக்கு என்னத்தக் கூடும்?

பெரிய வெள்ளியைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் லெந்து நாட்களும் பதநீர் காலமும் ஒன்றாக வரும். காலையிலேயே விடிலிகளிலிருந்து பதநீர் காய்கிற வாசனை தெருவெல்லாம் நிரம்பியிருக்க, நாங்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு, தொண்டையில் தண்ணீர்கூடப் படாமல் கோயிலுக்குப் போவோம். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு தியானம். வெளியே பங்குனி வெயிலில் மணல் கொதிக்கும். உள்ளே பனையோலை விசிறிகளின் சரசரப்பு, நாப்தலின் உருண்டை வாசம் போகாத பட்டுச் சேலைகள், முழங்கால் வலியில் யாரோ விடுகிற பெருமூச்சு. முதல் நான்கு வார்த்தைகளும் என் தலைக்கு மேலே போய்விடும். ஐந்தாவது வார்த்தை வரும்போது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். அவர் தாகத்தைச் சொன்ன வார்த்தை அது. மற்ற ஆறையும் பெரியவர்கள் அழுது கேட்பார்கள். அந்த ஒன்றில் நான் அவரோடு இருந்தேன். ஆராதனை முடிந்து, ஆச்சி பயறுக்கஞ்சியை ஆற்றித் தரும்போது முதல் மிடறு இறங்குகிற சுகத்தில் எனக்குக் கண்ணீர் வந்திருக்கிறது. அவருக்கு ஒருவரும் இப்படி ஆற்றித் தரவில்லையே, காடிதானே கொடுத்தார்கள் என்று.

தாத்தா படுக்கையில் விழுந்தது ஒரு ஐப்பசி மழையில். ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெட்டி செய்து கொடுத்தவர், இருட்டுக் கட்டிய அறையில் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஐயர் வந்து சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுப் போனார். உபதேசியார் வந்து மோட்ச பாக்கியத்தைப் பற்றிப் பேசினார். வந்தவர்கள் எல்லாரும், நீங்க விசுவாசி, உங்களுக்கு என்ன பயம் என்றார்கள். எல்லாரும் போனபின் தாத்தா என் கையைப் பிடித்தார். அந்தக் காய்ப்புகூட இளகிப் போயிருந்தது.

"பயமா இருக்கு தாயி" என்றார். பிறகு, "கெத்செமனே வாசி."

மாற்குவை எடுத்து வாசித்தேன். திகிலடைந்து, வியாகுலப்பட்டு, தரையிலே விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடாதா என்று கேட்ட இடம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இன்னொரு தடவை என்றார். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் அவர் மன்றாடினார் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்கிறதையும் வாசித்தேன். "அவருக்கே வந்துச்சுல்லா" என்றார் தாத்தா. மூச்சு கொஞ்சம் சீராயிற்று. தைரியமாக இருங்கள் என்று அத்தனை பேர் சொன்னதில் கிடைக்காதது, பயந்துபோன ஒரு மனிதர் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டதில் அவருக்குக் கிடைத்தது. இறங்கி வந்தவர் நம் சாவின் வாசலில் மட்டும் தேவனாக நின்றுகொண்டு, உள்ளே நம்மைத் தனியே அனுப்பியிருந்தால் இந்தச் சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அடக்கம் முடிந்து, வந்த சனமெல்லாம் கலைந்து, அத்தைமார் மட்டும் தங்கியிருந்தார்கள். ஆச்சி வாசல் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, யோசேப்பு எப்பம் செத்தாரு?"

எனக்குப் புரியவில்லை. பைபிளில் வருகிற யோசேப்பா என்றேன்.

"ஆமா. கானா ஊர்க் கல்யாணத்துல அவரப் பத்திப் பேச்சில்ல. சிலுவையண்ட மரியாள் மட்டுந்தான் நிக்கா, அவளையும் யோவான் கையில ஒப்புக்குடுக்காரு. அப்பம் அதுக்கு முந்தியே செத்திருக்கணும்லா?"

ஆமாம் ஆச்சி, வேதத்தில் இல்லை, ஆனால் சபையில் நெடுங்காலமாக அப்படித்தான் நம்பிக்கை என்றேன்.

"அப்பம் இவருதானே மூத்த மகன், இவருதானே முன்ன நின்னு எடுத்துப் போட்டிருப்பாரு." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "லாசருவுக்கே அழுதவரு. சொந்தத் தகப்பனுக்கு எவ்வளவு அழுதிருப்பாரு! எழுப்பணும்னு தோணியிருக்காதா அவருக்கு?"

பெரிய அத்தை உள்ளே இருந்து வந்து, இதென்னம்மா இந்த நேரத்தில் இப்படிப் பேச்சு என்றாள். ஆச்சி அவளைக் கையசைத்து உட்காரச் சொன்னாள். "மறுநாளு பட்டறையத் திறந்திருப்பாருல்லா? வீட்டுல அம்மா இருக்கா, தம்பிமாரு இருக்காங்க, கஞ்சிக்கு வழி பாக்கணும்லா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீதானே படிச்சவ, சொல்லு" என்றாள்.